தசாபுத்தியும் கோளறு திருப்பதிகமும்

இடர் வந்துற்றபோது அதற்குக் காரணம் தேடுவார் பெரும்பாலும் முதற்கண் எடுப்பது சாதக ஓலையையே. ‘இப்பொழுது நடப்பது சனி தசை’ என்று சோதிடர் சொல்லக் கேட்டு நடுங்குவோரும், அந்நடுக்கந் தீரக் கடன்பட்டும் சாந்தி செய்வோரும் சிவநேயச் செல்வர்களுள்ளும் பலர். ஆதலின் தசைக் கணக்கின் வரலாறும், பரிகாரங்களின் வரலாறும், இவை குறித்துச் சைவநன்மக்கள் கொள்ளத்தக்க துணிவும் ஈண்டுச் சுருங்க ஆராயப்படும்.

பழைய வேதாங்க சோதிடம் வேள்விக்குரிய காலத்தை ஞாயிறு திங்கள்களின் செலவாலும் நாண்மீன்களாலும் வரையறுப்பது. ஒருவன் பிறந்த நேரத்துக் கோள்நிலை கொண்டு அவன் வாழ்நாட் பலன் கூறும் முறை அதன்கண் இல்லை. அம்முறை வளர்ந்ததில் யவனர்க்கும் பங்குண்டென்பது, ஓரை, கேந்திரம் முதலிய கிரேக்கச் சொற்கள் சாதக நூல்களிற் பயிலுதலான் விளங்கும். ஆறாம் நூற்றாண்டினராகிய வராகமிகிரரும் தமது பிருகச்சாதகத்தில் யவனர் கொள்கைகளைப் பெயர் சுட்டியே எடுத்தாளுகின்றார்.

இந்நாளில் நம்மவர் பெரிதும் கொள்வது விம்சோத்தரி தசை. கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6, சந்திரன் 10, செவ்வாய் 7, இராகு 18, வியாழன் 16, சனி 19, புதன் 17 என ஒன்பான் கோள்களுக்கும் 120 ஆண்டுகள் இதிற் பகுக்கப்படும். பிறந்த நாண்மீனுக்குரிய கோளின் தசையே முதற்றசை; அதிற் கர்ப்பச்செல் போக நின்றதே இருப்பு. உரோகிணியில் ஒருவன் பிறந்தபொழுது திங்கள் அம்மீனிற் பாதி கடந்திருப்பின், சந்திர தசையில் 5 ஆண்டே இருப்பாம். அதன்மேற் செவ்வாய், இராகு, வியாழன் ஆகிய மூன்றும் செல்ல, 46ஆம் வயது நிரம்பியவுடன் அவனுக்குச் சனி தசை தொடங்கும்.

இனி, வராகமிகிரர் கூறும் இயற்கைத் தசை வேறு வகையினது. அது சந்திரன் 1, செவ்வாய் 2, புதன் 9, சுக்கிரன் 20, வியாழன் 18, சூரியன் 20, சனி 50 என்பது. இதன் தொகையும் 120 ஆண்டுகளே. ஆயின் இராகு கேதுக்களுக்கு இதிற் பங்கில்லை. இக்கணக்கின்படி, மேற்கூறியவன் 46ஆம் வயதில் நிற்பது வியாழன் தசையில். சனி தசை அவனை 70 ஆண்டு கடந்த பின்னரே அணுகும். ஒரே மனிதன், ஒரே வயது. ஒரு கணக்கு அவனை அச்சுறுத்துகின்றது, மற்றொன்று தேற்றுகின்றது. இவற்றுள் எது மெய்யென வழக்காடுதல் நம் கருத்தன்று. தசைகள் நூலோர் வகுத்த அளவைகளே. அவற்றின் எண்கள் உயிரைப் பிணிக்கும் விலங்குகள் அல்லவென்று தெளிதலே வேண்டுவது.

பரிகாரங்களும் பழமையுடையனவே. யாஞ்ஞவல்கிய மிருதி கிரகசாந்தியை விரித்துரைக்கின்றது. எருக்கு, பலாசு, கருங்காலி, நாயுருவி, அரசு, அத்தி, வன்னி, அறுகு, தருப்பை என்னும் ஒன்பதும் ஞாயிறு முதற் கேது ஈறாக முறையே சமித்துக்களென அது விதிக்கும். தமிழகத்தில் முதற் குலோத்துங்கன் (1070–1120) காலத்தில் எழுந்த சூரியனார்கோயில் கோள்வழிபாட்டிற்குப் பேரிடமாயிற்று. அங்குச் செல்வோர் திருமங்கலக்குடிப் பெருமானை முன்னர் வணங்கிப் பின்னரே கோள்களை வணங்குவர். இவ்வழக்கின் உட்பொருள் சிந்திக்கத்தக்கது. ஏவலரை நாடுமுன் தலைவனை நாடுக என்பதே அது.

இவ்வுண்மையைச் செயலிற் காட்டியருளியவர் ஏழாம் நூற்றாண்டில் விளங்கிய திருஞானசம்பந்தர். மங்கையர்க்கரசியாரின் வேண்டுகோளை ஏற்றுத் திருமறைக்காட்டினின்றும் மதுரைக்கு எழுந்தருளப் புகுந்தபோது, அமணர்தம் கொடுமையை உணர்ந்த திருநாவுக்கரசர் கோள்நிலையும் நன்றன்று என்று தடுத்தருளினார் எனச் சேக்கிழார் பெருமான் கூறுவர். அத்தடை பேதைமையால் எழுந்ததன்று, பேரன்பால் எழுந்தது. பிள்ளையாரோ சோதிடத்தை இகழவும் இல்லை, சாந்தி தேடவும் இல்லை, வேறு நாள் பார்க்கவும் இல்லை. கோள்கள் யாவும் இறைவனடியார்க்கு நல்லனவே என்னுங் கருத்துடைய கோளறு திருப்பதிகத்தை அருளிச்செய்து புறப்பட்டார்.

பின்னர் நிகழ்ந்ததைப் பலர் ஊன்றி நோக்குவதில்லை. பதிகம் பாடியதனால் இடர் வாராதொழிந்ததோ? இல்லை. மதுரையில் அன்றிரவே பிள்ளையார் தங்கிய மடத்திற் பகைவர் தீயிட்டனர். இடர் வந்தது, ஆயின் அடியாரைத் தீண்டமாட்டாது, அவர் பணித்தபடி அரசனிடத்தே வெப்புநோயாய்ச் சென்றடைந்தது. அந்நோயும் பின்னர்த் திருநீற்றால் நீங்கி, அவன் ஆட்கொள்ளப்படுதற்கே வழியாயிற்று. அனல்வாதத்தில் நெருப்பிலிட்டும் வேவாது பசுமையாய் எடுக்கப்பட்டது திருநள்ளாற்றுப் பதிக ஏடு. சனி நீங்கவேண்டி அத்தலத்திற்குச் செல்லும் அன்பர்கள், தருப்பாரணியேசுவரர் திருமுன் நிற்குங்கால் இதனை நினைவு கூர்வார்களாக.

சித்தாந்தம் கூறுவதும் இதுவே. முன்செய்த வினையுட் பயன் தரத் தொடங்கியது பிராரத்தம். வினை சடமாதலின் தானே வந்து பொருந்தாது. இறைவன் ஆணையே அதனை உயிர்க்குக் கூட்டும். கோள்கள் அவ்வாணை வழி நிற்கும் கருவிகள். காலங் காட்டும் நாழிகைவட்டிலை வேண்டிக்கொள்வதாற் காலம் மாறாது. கோளை மட்டும் வேண்டுதலும் அத்தன்மைத்தே. ஊட்டுவானை அடைந்தார்க்கோ, ஊழ் நுகர்ச்சியாய் வரினும் உள்ளத்தைக் கலக்கும் வலியிழந்து கழியும்.

ஆகலின், சாதகம் பார்த்தல் குற்றமென்று யாம் கூறேம். அச்சத்தால் மனையாள் நகையை அடகிட்டுச் சாந்தி செய்தலே வேண்டா என்கின்றோம். பொல்லாத தசையென்று கேட்ட அன்றே திருநீறணிந்து, ஐந்தெழுத்தோதி, கோளறு திருப்பதிகத்தைப் பொருளுணர்ந்து பாராயணஞ் செய்க. இயன்றதை எளியார்க்கு ஈக. அஞ்சிப் பின்னிட்ட கடமை யாதேனும் உளதாயின், பிள்ளையார் மதுரைக்குப் புறப்பட்டாற்போல அதன்மேற் செல்க.

திருச்சிற்றம்பலம்.