முத்திரையும் கையும்

18ஆம் நூற்றாண்டு லண்டன் வெள்ளியைக் கவிழ்த்துப் பார்த்தால் நடக்கும் சிங்கம் தரத்தை, ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்பதை, சொல்லும். தனி எழுத்து ஆண்டைச் சொல்லும். இவை சோதனைக்குப்பின் பொற்கொல்லர் மன்றம் அடிப்பவை. பட்டறைக்காரன் குறி வேறு. 1363இல் கட்டாயமான அது, கலப்படம் தெரிந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்காக ஏற்பட்டது. அதைக் கலைஞனின் கையெழுத்தாக வாசித்தவர்கள் பின்னால் வந்த சேகரிப்பாளர்கள். ஹெஸ்டர் பேட்மன் 1761இல் பதிந்த 'எச்.பி.'யைக் கண்டதும் ஒரு பெண்ணின் கைநயத்தை வர்ணிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அவள் கணவன் இறந்தபின் பட்டறையை நடத்தியவள். அங்கே தட்டிய கைகள் பல.

1720இல் அவுன்ஸுக்கு 6 பென்ஸ் வரி வந்தது. சிறு பொருளொன்றுக்கு முத்திரை வாங்கி, அந்தத் துண்டை வெட்டிக் கனத்த பாத்திரத்தின் அடியில் பற்றவைத்தார்கள் சிலர். பால் த லமெரி போன்ற மேதையும் இதைச் செய்திருக்கிறான். முத்திரை அசல், வேலைப்பாடும் அசல். இரண்டையும் சேர்த்த பற்று மட்டும் பொய். (பெயரைப் பார்த்துக் கவிதை பொறுக்கும் நம் தொகுப்பாசிரியர்களைப் படிக்கையில் எனக்கு இந்தப் பற்று ஞாபகம் வருகிறது.) வெள்ளியில் அதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, அடிப்பாகத்தில் வாயால் ஊதுவது. ஈரம் படியும்போது முத்திரையைச் சுற்றிப் பற்றின் கோடு தெரியும்.