காயலா, கீழக்கரையா?

விடுமுறை வந்துவிட்டால் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் மலையேறுவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. கப்பலோட்டி வாழ்ந்த ஒரு சமுதாயத்தின் மக்கள் ஓய்வுக்கு மலையைத் தேடுவது விந்தைதான். இரண்டு நாள் ஓய்வு வாய்த்து, பிள்ளைகளுக்கு முன்னோரின் வரலாற்றையும் காட்ட வேண்டும் என்று விழைவோர் முன் இரண்டு கடற்கரைப் பட்டினங்கள் நிற்கின்றன. ஒன்று காயல்பட்டினம், மற்றது கீழக்கரை. இரண்டும் மன்னார் வளைகுடாவின் கரையில் உள்ளவை. இரண்டும் மரக்காயர்களின் பேரூர்கள். எதற்குச் செல்வது?

புகழால் முந்தி நிற்பது காயல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஹுர்முஸ், கீஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றி வரும் மரக்கலங்கள் இங்கே அணைந்ததைக் குறித்திருக்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் விரிவாக எழுதுகிறார். மஅபர், கம்பாயத்து முதலிய துறைகளுக்கு ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் அனுப்பப்பட்டன என்றும், குதிரை ஒன்றின் விலை 220 பொன் தீனார் என்றும் அவர் கணக்குத் தருகிறார். பாண்டியரின் அவையில் அமைச்சராக விளங்கிய தகீயுத்தீன் அப்துர் ரஹ்மானின் பொறுப்பிலிருந்த துறைமுகங்களுள் காயலும் ஒன்று. வந்த குதிரைகளைப் பேணத் தெரியாமையால் அவற்றுள் பெரும்பாலானவை விரைவில் மடிந்தன என்பதைப் போலோவும் வஸ்ஸாஃபும் ஒருங்கே கூறுகின்றனர். விற்றவர்களுக்கு அது ஒரு குறையாகத் தோன்றியிராது!

இவற்றையெல்லாம் படித்துவிட்டுக் காயல்பட்டினத்தில் இறங்கும் பயணி முதலில் அறிய வேண்டியது ஒன்றுண்டு. போலோ கண்ட துறைமுகம் அவர் இறங்கும் ஊரன்று; அதற்கு வடக்கே, தாமிரபரணியின் முகத்துவாரத்தை அடுத்துள்ள பழையகாயலே அது என்பது கால்டுவெல்லின் முடிவு. அங்கே சீனத்துப் பீங்கான் ஓடுகளையும் அரபு நாட்டு மட்கல ஓடுகளையும் அவர் கண்டெடுத்தார். 1881இல் வெளிவந்த அவரது திருநெல்வேலி வரலாற்றில் இச்செய்திகள் உள்ளன. ஆறு கொணர்ந்த வண்டல் முதலில் கொற்கையைக் கடலிலிருந்து பிரித்தது. பின்னர் காயலையும் பிரித்தது. அரசர் எவரும் படையெடுத்து அழிக்காமலேயே ஒரு துறைமுகம் நிலத்துக்குள் ஒதுங்கிப் போயிற்று. அந்தக் கரை முழுவதுமே அன்று காயல் என வழங்கியிருக்கலாம் என்பாரும் உளர்.

காயல்பட்டினத்தில் காண ஒன்றுமில்லை என்று சொல்ல வரவில்லை. பழம்பெரும் பள்ளிகளும், அரபு எழுத்துகள் பொறித்த பழைய கல்லறைக் கற்களும் அங்கே உள்ளன. மாலைக் காற்று வாங்க நீண்ட மணற்கரை உண்டு. ஆயினும் அவ்வூரின் தனிச்செல்வம் வீடுகளுக்குள் இருக்கிறது. மகளுக்கே வீடு என்னும் மரபு, பெண்கள் தனியே நடமாடுவதற்கென வீடுகளுக்கிடையே விடப்பட்ட முடுக்குகள், விருந்தினருக்கு வைக்கும் களறிச் சாப்பாடு ஆகியவற்றையெல்லாம் உறவோ நட்போ இல்லாதவர் எப்படிக் காண்பார்? இரண்டு நாளில் அவர் காண்பது சாத்திய கதவுகளையே.

கீழக்கரை வந்தவர்க்கு உடனே முகங்காட்டும் ஊர். அதன் ஜும்ஆப் பள்ளி கருங்கல்லால் ஆனது. தூண்களும் போதிகைகளும் திராவிட மண்டபத்தின் அமைப்பிலேயே உள்ளன. சிற்பி உருவங்களை விடுத்துப் பூவும் கொடியும் செதுக்கியிருக்கிறான். கோயில் கட்டிய கை பள்ளிவாசலையும் கட்டிய வரலாற்றைப் பிள்ளைகளுக்கு விளக்க நூல் வேண்டியதில்லை. தூணைத் தொட்டுக் காட்டினால் போதும். ஊரிலுள்ள மற்றொரு பள்ளியை நபிகள் நாயகத்தின் காலத்தது என்று சொல்வார்கள். இப்போது நிற்கும் கட்டடத்தைக் கொண்டு அதை மெய்ப்பிக்க இயலாது என்பதே என் கருத்து. கீழக்கரையின் பெருமைக்கு அச்சான்று தேவையுமில்லை.

ஜும்ஆப் பள்ளியின் வளாகத்திலேயே வள்ளல் சீதக்காதியின் அடக்கவிடம் இருக்கிறது. ஷெய்கு அப்துல் காதிர் என்னும் இயற்பெயருடைய அவர் கிழவன் சேதுபதியின் அன்புக்குரியவர். டச்சுக்காரரின் ஆவணங்களில் பெரியதம்பி என்று குறிக்கப்படும் பெருவணிகர். உமறுப் புலவரின் சீறாப்புராணம் அவரது ஆதரவில் தொடங்கிப் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரக்காயரின் துணையால் வளர்ந்தது. அந்தக் காப்பியத்துக்கு வேண்டிய செய்திகளை அரபு மூலங்களிலிருந்து பெற உதவிய சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களும் கீழக்கரை மண்ணிலேயே துயில்கிறார்கள். அரசியல், வாணிகம், தமிழ், மார்க்கக் கல்வி ஆகிய நான்கும் கூடிய ஒரு தலைமுறையைச் சில நூறு அடிகளில் நடந்து பார்க்கலாம்.

கடலைப் பொறுத்தவரை கீழக்கரை சற்று ஏமாற்றும். குளிப்பதற்குக் காயலின் மணற்கரையே ஏற்றது. ஆனால் வங்காளத்து வளையல்களுக்குச் சங்கு தந்த கடல் இது. எதிரேயுள்ள தீவுகள், 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளின் வரிசையைச் சேர்ந்தவை; அனுமதியின்றி அங்கே செல்லலாகாது. கரையில் அமர்ந்து தொதல் தின்னத் தடையில்லை. பெயரும் பண்டமும் மலாய் நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவை.

ஆகவே முதற்பயணத்துக்குக் கீழக்கரை என்பேன். ஒரு வாரம் தங்க இயலுவோருக்கும் உறவினர் உள்ளோருக்கும் காயல். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிர்த்துத் தை, மாசியில் செல்வது நலம். இந்தத் தேர்வு நம் ஆலிம்களுக்கு இருந்ததில்லை. சதக்கத்துல்லாஹ் அப்பா பிறந்தது காயலில், வாழ்ந்தது கீழக்கரையில். 1816இல் பிறந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களும் அவ்வாறே காயலிலிருந்து வந்து கீழக்கரையில் மத்ரஸா நடத்தி, அரபுத் தமிழில் மஙானீ முதலிய நூல்களை எழுதி, 1898இல் மறைந்தார்கள்.

கையில் இன்னும் அரைநாள் மிஞ்சினால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தூத்துக்குடி சென்று, அதைக் கடந்து பழையகாயலில் இறங்கலாம். அங்கே உப்பளங்களைத் தவிரக் காட்டுவதற்குப் பெரிதாக ஒன்றுமிராது. துறைமுகத்தின் கடல் எங்கே என்று பிள்ளைகள் கேட்டால், கிழக்கே கைகாட்டித் தாமிரபரணியின் வண்டலைப் பற்றிச் சொல்லலாம்.