தெளிந்த நீரும் பழகிய நீரும்



வீட்டு முற்றத்திலோ மாடியிலோ ஒரு தொட்டி வைத்து, அதிலே மீன் வளர்த்து, அந்நீரைக் கொண்டே கீரையும் தக்காளியும் பயிர் செய்யும் முறை ஒன்று இந்நாளில் பலரையும் கவர்ந்து வருகிறது. 'அக்வாபோனிக்ஸ்' என்று அதற்குப் பெயர். மீனின் கழிவு செடிக்கு உரமாகிறது. செடியின் பாத்தியில் தூய்மை பெற்ற நீர் மீண்டும் மீனுக்கு வந்து சேருகிறது. கேட்பதற்கு எளிய ஏற்பாடுதான். ஆயினும் புதிதாகத் தொடங்குவோர் பலர் முதல் சில வாரங்களுக்குள்ளேயே மீன்களைப் பறிகொடுத்து மனம் தளர்ந்து விடுகின்றனர். அதன் காரணத்தை மனிதன் கண்டுகொண்ட வரலாறே இன்றைய என் பேச்சு. அதற்கு முன் என் பிழை ஒன்றைச் சொல்லி விடுகிறேன்.

1986ஆம் ஆண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்து நான் பணியேற்ற புதிது. வகுப்பறையில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து, நீர் நிரப்பிய அன்றே பத்து மீன்களை விட்டேன். வாரந்தோறும் மணலைத் தேய்த்துக் கழுவி, நீர் முழுவதையும் மாற்றச் செய்தேன். ஒரு மாதம் முடிவதற்குள் அத்தனை மீன்களும் மடிந்தன. இரை போடும் பொறுப்பு ஒரு மாணவனுடையது. அவன் அளவு மீறிப் போட்டதே காரணம் என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். "நீங்கள் சொன்ன அளவுதான் போட்டேன் ஐயா" என்றான். நான் நம்பவில்லை. "தண்ணீர் பளிங்கு போல் இருக்கிறதே, வேறென்ன காரணம் இருக்க முடியும்?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு விடை எனக்கே தெரியாது என்பதை அப்போது நான் உணரவில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1832ஆம் ஆண்டில், சிசிலித் தீவின் மெசினா நகரில் வாழ்ந்த ஜான் வில்பிரே பவர் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி, கடல் உயிர்களை உயிரோடு வைத்துக் கவனிப்பதற்காகக் கண்ணாடித் தொட்டி அமைத்தார். ஆர்கோனாட் என்னும் கடலுயிர் தன் ஓட்டைத் தானே உண்டாக்குகிறதா, பிறவற்றின் ஓட்டைப் பறித்துக் கொள்கிறதா என்று அறிஞர்கள் வாதிட்டு வந்தனர். தானே உண்டாக்குகிறது என்பதை அந்த அம்மையார் நேரில் கண்டு நிலைநாட்டினார்.

அடுத்து லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்னும் ரசாயன அறிஞர் வருகிறார். செடி காற்றைப் புதுப்பிக்கிறது என்பதைப் பிரீஸ்ட்லி 1771இலும், அதற்கு வெயிலின் துணை வேண்டும் என்பதை இங்கென்ஹவுஸ் 1779இலும் கண்டிருந்தனர். தரையில் நடப்பது தண்ணீரிலும் நடக்குமா? 1849இல் வாரிங்டன் 12 காலன் கொள்ளும் ஒரு பாத்திரத்தில் இரண்டு தங்கமீன்களை விட்டு, நாடா போன்ற இலைகளையுடைய வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியை நட்டார். சில நாள் எல்லாம் நலமாக இருந்தன. பிறகு பழுத்த இலைகள் அழுகின, பாசி படர்ந்தது, நீர் கலங்கியது. அவர் தொட்டியைக் கழுவிக் கொட்டிவிடவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகிய இலையையும் பாசியையும் தின்று தீர்த்தன. அவற்றின் முட்டைகள் மீனுக்கு இரையாயின. நீர் தெளிந்தது. 1850இல் இச்செய்தியை ரசாயனச் சங்கத்துக்கு அறிவித்தார். 1853இல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. கண்ணாடித் தொட்டி வீட்டுக் கூடங்களுக்கும் பரவியது.

மீன், செடி, நத்தை ஆகிய மூன்றும் கண்ணுக்குத் தெரிந்தவை. கண்ணுக்குத் தெரியாத பங்காளி ஒருவனும் அங்கே உழைத்துக் கொண்டிருந்தான். அவனை வெளிப்படுத்தியது மீன் தொட்டியன்று, சாக்கடை நீர்!

1877இல் பிரான்ஸ் நாட்டில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்னும் இருவர் மணலும் சுண்ணாம்புக்கல் பொடியும் நிரப்பிய நீண்ட குழாயின் வழியே சாக்கடை நீரைச் சிறுகச் சிறுகச் செலுத்தினர். உள்ளே சென்ற அம்மோனியா முதலில் அப்படியே வெளியே வந்தது. சுமார் 20 நாட்களுக்குப் பின்னரே அது நைட்ரேட்டாக மாறி வரலாயிற்று. குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. வெறும் ரசாயன மாற்றமாயின் 20 நாள் ஏன் காத்திருக்க வேண்டும்? மயக்க மருந்துக்கு ஏன் அடங்க வேண்டும்? ஆகவே இது உயிர்களின் வேலை என்று துணிந்தனர். 1890ஆம் ஆண்டளவில் ஜூரிச்சில் ஆராய்ந்த வினோகிராட்ஸ்கி அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுத்தார். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்குகிறது. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. முன்னிரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட்டோ செடிக்கு நல்ல உரம். மீனுக்கும் அவ்வளவு தீங்கில்லாதது.

என் வகுப்பறைத் தொட்டியில் நடந்தது இப்போது விளங்குகிறதல்லவா? மீனின் செவுள் வழியே வெளிவரும் அம்மோனியாவுக்கு நிறமில்லை. ஆகவே நீர் தெளிவாகவே இருந்தது. அதை மாற்றவல்ல நுண்ணுயிர்கள் மணலில் குடியேறத் தொடங்கும்போதெல்லாம் நான் அவற்றைத் தேய்த்துக் கழுவி விட்டேன். என் தூய்மையே நஞ்சாயிற்று.

இந்த உண்மையின் மேல்தான் அக்வாபோனிக்ஸ் எழுந்தது. சீன தேசத்துச் சிங்தியான் வட்டாரத்து உழவர்கள் நெல் வயலிலே மீன் வளர்ப்பது பல நூற்றாண்டு வழக்கம். அமெரிக்காவில் 1969இல் தோன்றிய நியூ ஆல்கெமி நிலையத்தார் மீன் தொட்டியையும் பயிரையும் ஒரே கூரையின் கீழ் இணைத்தனர். 1980களில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மக்மர்ட்ரி, நாம் ஜிலேபி என்றழைக்கும் திலாப்பியா மீனின் தொட்டி நீரை மணற்பாத்தியில் பாய்ச்சிக் காய்கறி விளைவித்தார்.

நீங்கள் தொடங்குவதாயின், முதலில் இடத்தைப் பாருங்கள். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. 500 லிட்டர் தொட்டி நீர் மட்டுமே அரை டன். மாடி தாங்குமா என்று கேட்டறிந்த பின்னரே வையுங்கள். தொட்டியின் கொள்ளளவுக்கு ஏறக்குறைய ஒப்பான ஜல்லிப் பாத்தி, சுமார் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கட்டும். தொட்டி நீரில் வெயில் நேராக விழுந்தால் பாசி பெருகும். மூடி நிழல் செய்யுங்கள். குளோரின் கலந்த குழாய் நீரை ஓரிரு நாள் திறந்து வைத்த பின் பயன்படுத்துங்கள். நீரைச் சுழல விட்டு, சில மீன்களோடு மட்டும் தொடங்கி, ஐந்து நிமிடத்தில் தின்று தீரும் அளவே இரை இடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பின் இறங்கி அடங்குவதைச் சோதனைக் கருவியால் பாருங்கள். நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதன் பின்னரே மீன்களைக் கூட்டுங்கள். ஜல்லியைக் குழாய் நீரில் கழுவ வேண்டா. தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரன்று. பழகிய நீரே மீனுக்கு நல்ல நீர்.

இவற்றையெல்லாம் நான் படித்தறிந்தபோது அந்த மாணவன் பள்ளியை விட்டுச் சென்றிருந்தான். எங்கே இருக்கிறான் என்பது தெரியவில்லை. அவன் சொன்னது உண்மை, தவறு என்னுடையது. இதை அவனிடம் சொல்ல இயலாததால், ஓய்வு பெறும் வரை ஆண்டுதோறும் நைட்ரஜன் பாடத்தை இக்கதையோடுதான் தொடங்கினேன். இன்று உங்களிடமும் சொல்லிவிட்டேன்.