தலைநகரின் தீயை அணைத்த சிற்றூர்

1715-இல் பாடன்-டுர்லாக் சிற்றரசின் மன்னர் கார்ல் வில்ஹெல்ம், டுர்லாக்கை விட்டுக் கிளம்பிப் பக்கத்துக் காட்டில் ஒரு புது நகரை எழுப்பத் தொடங்கினார். அதுதான் கார்ல்ஸ்ரூ. அரண்மனையோடு உத்தியோகமும் வியாபாரமும் அங்கே போய்ச் சேர, டுர்லாக் சிற்றூராகச் சுருங்கியது. ஜெர்மனியின் தன்னார்வத் தீயணைப்பு வரலாற்றைச் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஊரிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

நெருப்பு அவ்வூருக்குப் புதிதல்ல. 1689-இல் பிரெஞ்சுப் படைகள் கொளுத்தியதில் ஏறக்குறைய ஊரே சாம்பலானது. அதற்குப் பிறகும் தீயணைப்பு என்பது பழைய முறைதான். மணி அடித்ததும் ஊரார் தோல்வாளியோடு ஓடிவர வேண்டும். கூட்டம் கூடிவிடும், யார் எதைச் செய்வது என்பதுதான் தெரியாது. கட்டாயத்துக்காக வந்தவர்களிடம் அதற்குமேல் எதிர்பார்க்கவும் முடியாது.

இதை மாற்றியவர் ஊரின் கட்டடப் பொறுப்பாளர் கிறிஸ்டியன் ஹெங்ஸ்ட். 1846-இல் ஹைடல்பெர்க்கைச் சேர்ந்த கார்ல் மெட்ஸின் பட்டறையிலிருந்து டுர்லாக் ஒரு புதிய கைப்பம்பை வாங்கியது. பம்பு வந்தால் போதுமா? அதை அடிக்க, குழாயைப் பிடிக்க, ஏணியில் ஏற, உள்ளே சிக்கியவர்களை மீட்க என்று வேலைகளைப் பிரித்து, விரும்பி வந்தவர்களுக்கு ஹெங்ஸ்ட் முறையாகப் பயிற்சி கொடுத்தார். பாரிஸில் இத்தகைய படை முன்பே உண்டு. ஆனால் அது நெப்போலியன் 1811-இல் அமைத்த ராணுவப் படை. டுர்லாக்கில் இருந்தவர்களோ சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரர்கள். (1841-லேயே தன்னார்வப் படை கண்ட மைசன் நகரத்தார், முதலிடம் தங்களுக்கே என்பார்கள். அந்த வழக்கு தீரப்போவதில்லை.)

சோதனை சீக்கிரமே வந்தது. 1847 பிப்ரவரி 28, ஞாயிறு மாலை. கார்ல்ஸ்ரூ அரசவை நாடக அரங்கில் கூட்டம் நிறைந்துகொண்டிருந்தது. அன்றைய நாடகத்தின் பெயர் ‘ஊற்றுக்கிணறு’ என்று பொருள்படும். திரை விலகும் முன்பே, அரச குடும்பத்தார் அமரும் மாடத்தில் எரிவாயு விளக்கின் சுடர் துணியில் பற்றியது. பெரும்பாலும் மரத்தாலான அரங்கு அது. மேல்மாடங்களில் இருந்தவர்கள் புகையிலும் நெரிசலிலும் சிக்கினர். அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

தலைநகரில் ஆளுக்கும் குறைவில்லை, அதிகாரிகளுக்கும் குறைவில்லை. ஆனால் தீ சுற்றுக் கட்டடங்களுக்குத் தாவாமல் தடுத்த பெருமை, சில கிலோமீட்டர் தொலைவிலிருந்து பம்போடு வந்த டுர்லாக்காரர்களுக்கே போயிற்று. அவர்களும் மற்றவர்களைப் போன்ற ஊர்க்காரர்கள்தான். யார் எங்கே நிற்பது என்பதை முன்கூட்டியே பழகியிருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அரங்கைக் காப்பாற்ற அவர்களாலும் முடியவில்லை. ஆனாலும் அதே ஆண்டிலேயே கார்ல்ஸ்ரூ தனக்கென ஒரு தன்னார்வப் படையை அமைத்துக்கொண்டது. மற்ற ஊர்களும் பின்தொடர்ந்தன. மெட்ஸுக்கும் வியாபாரம் பெருகியிருக்கும்.

அடுத்த திருப்பத்தை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 1848-49 புரட்சி பாடனைக் குலுக்கியது. தீயணைப்புப் படைகளில் சேர்ந்திருந்த இளைஞர்களில் பலர் உடற்பயிற்சிக் கழகத்தினர். அக்கழகங்களில் குடியரசுக் கருத்து வலுவாக இருந்தது. சீருடை அணிந்து, தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுத்து, அணிவகுத்துப் பழகும் குடிமக்களைப் புரட்சியை அடக்கிய அரசுகள் எப்படி நம்பும்? சில படைகள் கலைக்கப்பட்டன. ஆனால் பயிற்சி பெற்ற படை இல்லாமல் ஊர்களால் இருக்க முடியவில்லை. 1853-இல் உல்ம் நகரின் கொன்ராட் மாகிருஸ் முன்முயற்சியில் அண்டை அரசான வூர்ட்டெம்பெர்க்கின் தீயணைப்புப் படைகள் ப்ளோஹிங்கனில் கூடின. ஏணி வண்டிகளுக்குப் பெயர்போன மாகிருஸ் நிறுவனத்தைப் பின்னாளில் தொடங்கியவரும் இவரே.

1938-இல் டுர்லாக் கார்ல்ஸ்ரூவோடு இணைக்கப்பட்டது. இன்று ஜெர்மனியில் சம்பளத் தீயணைப்பு நிலையங்கள் பெரும்பாலும் பெருநகரங்களில்தான். மற்ற ஊர்களுக்குச் சுமார் 10 லட்சம் தன்னார்வலர்களே துணை. அழைப்பு வந்தால் முதலாளி அவர்களை வேலையிலிருந்து அனுப்பியாக வேண்டும். அந்நேரச் சம்பளத்தை ஊராட்சி ஈடுகட்டும். ஆள் சேராத ஊர்களில் குடிமக்களைக் கட்டாயமாகச் சேர்க்கவும் மாநிலச் சட்டங்கள் இடம் தருகின்றன. வட கடலில் உள்ள சில்ட் தீவின் லிஸ்ட் ஊரில் இந்த நூற்றாண்டிலேயே அப்படிச் சேர்த்திருக்கிறார்கள்.