வேட்பாளரை வினவிய காலம்

வெள்ளமும் வெப்பமும் இன்று உலகப் பேச்சாகிவிட்டன. ஆயினும், மழைநீர் எவ்வழி ஓடும், குப்பை எங்கே கொட்டப்படும், எந்தக் குன்றில் வீடு கட்டலாம் என்பன பெரும்பாலும் உள்ளூர் மன்றங்களிலேயே முடிவாகின்றன. அம்மன்றத்திற்கு நிற்பவரை நேரில் நிறுத்தி வினவும் உரிமை மலாயா மக்களுக்கு ஒரு காலத்தில் இருந்தது.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் 1857இலேயே நகராண்மைத் தேர்தல் நடந்தது; 1913இல் அது நின்றது. 1951 டிசம்பர் 1ஆம் நாள் மீண்டும் நடந்தபோது, பதினைந்து உறுப்பினருள் ஒன்பதின்மரை மக்கள் தேர்ந்தெடுத்தனர். 1957இல் மாநகரத் தகுதி பெற்ற அவ்வூரின் முதல் மேயர் டி. எஸ். இராமநாதன். குடிநீரையும் மின்சாரத்தையும் பேருந்தையும்கூட அம்மன்றமே நடத்தியது. கால்வாய் அடைபட்டால் விடை கூற வேண்டியவரே வாக்குக் கேட்டு வாசலுக்கும் வரவேண்டியிருந்தது!

இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணங்காட்டி 1965 மார்ச்சில் அரசு இத்தேர்தல்களை நிறுத்திவைத்தது. அவ்வாண்டே ஆதி. நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணையம், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் எனப் பரிந்துரைத்தது. தமிழர் ஒருவர் தலைமையில் எழுந்த அவ்வறிக்கையை நம் மாணவர் பலர் அறியாதிருப்பது வருந்தத்தக்கது. அரசு அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலை அடியோடு நீக்கி, உறுப்பினர் நியமனத்தை மாநில அரசுகளிடம் ஒப்படைத்தது. சுற்றுச்சூழல் தரச் சட்டம் பிறந்து அப்போது ஈராண்டே ஆகியிருந்தது.

2017 நவம்பரில் பினாங்கு வெள்ளத்தில் மூழ்கியது. மலைச்சரிவுக் கட்டடங்களைப் பற்றிக் கேள்விகள் எழுந்தன. விடை கூற, மக்கள் வாக்களித்து அனுப்பிய நகர மன்ற உறுப்பினர் ஒருவரும் இல்லை.