ஓதம் ஏறும் சுவர்: வண்டூர் வாடகை அறைகளின் கட்டட வரலாறு

அந்தமானில் மே மாதம் பிடிக்கும் மழை டிசம்பரில்தான் முழுதாக விடும். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் முறை வைத்துக் கொட்டி ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டர் அளவுக்குச் சேர்த்துவிடுகின்றன. சென்னைக்குக் கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு. இந்த மாதங்களில் ஒரு தரைத்தள வாடகை அறைக்குள் நுழைந்தால் மூக்குதான் முதலில் அறியும். சுவரின் அடியிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருக்கும். அலமாரிக்குப் பின்னால் கரும்பூசணம் படர்ந்திருக்கும், புத்தக அட்டை வெளுத்திருக்கும், மடித்து வைத்த சட்டையில் கருப்புப் புள்ளி விழுந்திருக்கும். கேட்டால், தீவென்றால் இப்படித்தான் என்பார்கள். வாடகை கொடுக்கும் மாணவரும் அதை நம்பிவிடுகிறார். மழை இயற்கை என்பதில் சண்டையில்லை. ஆனால் அறைக்குள் பூக்கும் பூசணம் கட்டட முறையின் விளைவு. இதே தீவில் ஒரு காலத்தில் ஓதத்துக்கு இடம் கொடுக்காமல் வீடு கட்டினார்கள். அப்படிக் கட்டியதற்கு அவர்கள் வைத்திருந்த காரணம் முழுக்கத் தவறு என்பதுதான் இந்த வரலாற்றின் வேடிக்கை.

வண்டூர், தெற்கு அந்தமானின் மேற்குப் பக்கக் கடலோரம், போர்ட் பிளேரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் உள்ள ஊர். 1921 மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் நாடு கடத்தப்பட்ட மாப்பிள முஸ்லிம்கள் தங்கள் சொந்த மண்ணின் பெயர்களான மஞ்சேரி, திரூர், வண்டூர் ஆகியவற்றை இங்கே இட்டுக்கொண்டார்கள். 1983-ல் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா வந்தது; ஜாலி பாய் தீவுக்குப் படகு ஏறுவோர் ஊரின் துறையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். 1990 வாக்கில் சென்னை முதலைப் பண்ணையை நடத்தும் அறக்கட்டளை வடக்கு வண்டூரில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கியது. அன்றிலிருந்து பவளப்பாறை, ஆமை, முதலை, காடு என்று படிக்க வரும் இளைஞர்கள் மாதக்கணக்கில் தங்கும் ஊர்களில் வண்டூரும் ஒன்று. போர்ட் பிளேரிலோ, 1967-ல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரியிலிருந்து 2015-ல் வந்த மருத்துவக் கல்லூரி வரை வெளித்தீவு மாணவர்களை இழுக்கும் கல்வி நிலையங்கள் பல. கப்பலில் வந்திறங்கும் மாணவருக்கு அறையை நன்றாகப் பார்த்து எடுக்க நேரம் இருப்பதில்லை, கிடைத்ததை எடுக்கிறார்.

இனி அந்தத் தவறான காரணத்துக்கு வருவோம். 1789-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படை அதிகாரி ஆர்ச்சிபால்ட் பிளேர், போர்ட் பிளேர் துறைமுகத்துச் சாத்தம் தீவில் குடியேற்றம் தொடங்கினார். 1792-ல் அது வடக்கு அந்தமானுக்கு மாற்றப்பட்டது. நோயும் சாவும் தாங்காமல் 1796-ல் கைவிடப்பட்டது. 1858 மார்ச் 10-ல் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் என்ற ஆங்கிலேய அதிகாரி 200 கைதிகளோடு வந்து மீண்டும் தொடங்கியபோதும் முதல் ஆண்டுகளில் ஆள்கள் மடிந்துகொண்டே இருந்தார்கள். மலேரியாவின் காரணம் அப்போது யாருக்கும் தெரியாது. சதுப்பிலிருந்தும் ஈர மண்ணிலிருந்தும் கிளம்பும் கெட்ட காற்றுதான் காய்ச்சல் தருகிறது என்பதே அன்றைய மருத்துவம். 1863-ல் வெளியான இந்திய ராணுவச் சுகாதார ராயல் கமிஷன் அறிக்கையும், அதையொட்டி ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதியவையும் ஒரே விஷயத்தை வலியுறுத்தின: மண்ணோடு ஒட்டி யாரும் படுக்கக் கூடாது, தரைக்குக் கீழே காற்று போக வேண்டும், இயன்றால் மாடியில் உறங்க வேண்டும். இந்தக் கொள்கையைக் கையில் வைத்துக்கொண்டு மேட்டு நிலத்தில், கடற்காற்றைப் பார்த்து, மரத்தூண் மேல் பலகை வீடு எழுப்பினார்கள். 1883-ல் சாத்தம் மர ஆலை வந்த பிறகு பலகைக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்கு அடியில் காற்றோட்டம், சுற்றிலும் தாழ்வாரம், சுவரை மழை தொடாதபடி நீண்டு இறங்கும் இறவாரம், கூரைக்குச் சற்றுக் கீழே வெப்பக் காற்று வெளியேறத் திறப்பு. பலகைச் சுவரின் இரண்டு முகமும் காற்றில் இருப்பதால், இரவில் நனைந்தது பகலில் உலர்ந்துவிடும். காய்ச்சலைத் தடுக்க அந்த வீடு பெரிதாக உதவவில்லை. ஓதத்தைத் தடுக்க உதவியது.

1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் மருத்துவர் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதன் பிறகு கெட்ட காற்றுக் கொள்கை மெல்லச் செத்தது. சதுப்பை வடிக்கவும் கொசுவலை கட்டவும் பணம் போயிற்று. வீட்டைத் தூண் மேல் தூக்க மருத்துவக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை. அறிவியல் திருத்திய பிழையோடு பிழையின் நல்ல விளைவும் சேர்ந்து போனது என்பேன். அதே ஆண்டுகளில், 1896 முதல் 1906 வரை, செங்கல்லில் எழுந்தது செல்லுலர் ஜெயில். கொடுமைக்காகவே கட்டிய கட்டடம் அது. அதைப் புகழ இங்கே இடமில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்கலாம். பதிமூன்றரை அடிக்கு ஏழரை அடி கொண்ட அந்தக் கொட்டடியின் முன்பக்கம் இரும்புக் கம்பிக் கதவு, எதிர்ச் சுவரின் உயரத்தில் ஒரு சிறு சாளரம். ஒருபுறம் புகுந்த காற்று மறுபுறம் வெளியேற வழி இருந்தது. மூன்று பக்கம் அடைத்து ஒரே ஜன்னல் வைத்த இன்றைய வாடகை அறைக்கு அந்த வழிகூட இல்லை.

தூண் மேல் நின்ற வீடு எல்லாருக்கும் கிடைத்ததல்ல, அதிகாரிக்குக் கிடைத்தது. தண்டனை முடிந்து நிலம் பெற்றவர்களும் மாப்பிளக் குடும்பங்களும் மண் தரையில், மூங்கில் தட்டியும் ஓலையும் வைத்து வாழ்ந்தார்கள். 1949 முதல் கிழக்கு வங்காள அகதிகளுக்குக் குடும்பத்துக்குப் பத்து ஏக்கர் கொடுத்துக் குடியேற்றியபோதும் கதை அதுதான். இந்த வீடுகளும் நனைந்தன; ஆனால் பிளந்த மூங்கில் தட்டி வழியே காற்று தடையின்றிப் போய்வந்ததால் ஈரம் தங்கி நிற்கவில்லை. இற்றுப்போன தட்டியை மாற்ற ஒரு நாள் வேலை போதும். காங்கிரீட் வந்தபோது அதை ஏழையும் விரும்பினான் என்பதில் வியப்பில்லை: கரையான் இல்லை, தீப்பயம் இல்லை, ஊரில் மதிப்பு. மாற்றத்தை விரைவுபடுத்தியது காடு பற்றிய நீதிமன்ற உத்தரவு. தான் நியமித்த ஷேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி 2002 மே 7-ல் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. காட்டுக்கு அது நல்லது; ஆனால் பலகை, வீடு கட்டுபவரின் கைக்கு எட்டாமல் போயிற்று. அதே உத்தரவு கடற்கரை மணல் எடுப்பதை ஐந்து ஆண்டுக்குள் படிப்படியாக மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கச் சொன்னது. அதாவது, அதுவரை தீவில் கட்டடத்துக்குக் கடல் மணல்தான் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது. ஓதத்தின் பெரிய ரகசியம் அந்த மணலில் இருக்கிறது.

காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்து நீரை உறிஞ்சத் தொடங்கும்; மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவது இதனால்தான். அந்தமானில் மழை மாதங்களில் ஈரப்பதம் பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலேயே நிற்கும். சரியாகக் கழுவாத கடல் மணலில் பூசிய சுவர் எட்டு மாதமும் ஜாடிதான். வெளியே ஒழுகல் இல்லை, குழாய் உடையவில்லை, ஆனாலும் சுவர் நனைந்திருக்கும். சுவர்ப்பரப்பில் 80 சதவீத ஈரம் சில நாள் நின்றாலே பூசணத்துக்குப் போதும். டிஸ்டம்பரில் உள்ள பசை அதற்கு உணவு. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, காங்கிரீட் பிளந்து, அந்த விரிசல் வழியே மழையும் இறங்கும். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கம் இதை இன்னும் மோசமாக்கியது. அன்று தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. போர்ட் பிளேர் அருகே உள்ள சிப்பிகாட் வயல்களில் கடல் ஏறியது. வண்டூர்க் கடற்கரையில் மரங்கள் நின்றபடியே பட்டுப்போயின. தாழ்வான இடங்களில் நிலத்தடி நீரே உப்பு கலந்ததாகிவிட்டது. அந்த மண்ணில், அடித்தளத்தில் ஓதத்தடுப்புப் படலம் வைக்காமல், தரையோடு தரையாகக் கட்டிய அறை உப்பு நீரைக் கீழிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

வீட்டுக்காரர் தரப்பில் ஒரு வாதம் உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. பூசணத்துக்குக் குடியிருப்பவர்தான் காரணம், ஜன்னலைச் சாத்தி வைக்கிறார்கள், ஈரத்துணியை அறைக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்துகிறார்கள், சோறும் அங்கேயே வடிக்கிறார்கள் என்பார்கள். உண்மைதான். ஓர் ஆள் மூச்சிலும் வியர்வையிலும் மட்டுமே நாளொன்றுக்கு ஒரு லிட்டர் அளவில் நீரை வெளியேற்றுகிறார். நாலு பேர் படுக்கும் அறையில் சமையலையும் துணியையும் சேர்த்தால் கணக்கு எங்கோ போய்விடும். ஆனால் துணியை எங்கே உலர்த்துவது? தாழ்வாரம் இருந்தால் மழையிலும் வெளியே கொடி கட்டலாம். இறவாரம் இருந்தால் சாரலுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்த வேண்டியதில்லை. மாணவரின் பழக்கம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, கட்டடம் விட்டுவைத்த ஒரே வழி. அதோடு, பூசணம் ஏறுவது சுவரின் அடியிலா மேல் மூலையிலா என்று பார்த்தால் வழக்கு தெளியும். அடியிலிருந்து ஏறுவது மண்ணின் ஈரமும் உப்பும். அதை எந்த மாணவரும் கொண்டுவரவில்லை. மேல் மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் படர்வதில்தான் மூச்சுக்கும் சமையலுக்கும் பங்கு உண்டு.

இன்னொரு மறுப்பு: மர வீட்டைப் புகழ்வது வெறும் பழம்பெருமை அல்லவா? மரத்திலும் பூசணம் பிடிக்காதா, கரையான் தின்னாதா? பிடிக்கும், தின்னும். சாத்தம் ஆலையில் மரம் அறுத்து மறுபடி வீடு கட்டுங்கள் என்று யாரும் சொல்ல முடியாது. காடு அதைத் தாங்காது. நிலநடுக்கத்தில் மரச்சட்ட வீடு பொதுவாக நன்றாகத் தாங்கும் என்பதும், 1941 ஜூன் 26 நடுக்கத்தில் போர்ட் பிளேருக்கு எதிரே உள்ள ராஸ் தீவின் கட்டடங்கள் சேதமடைந்தன என்பதும் உண்மையாக இருந்தாலும், வாதம் மரத்தைப் பற்றியது அல்ல. உயரமான பீடம், அடியில் காற்று, எதிரெதிர்த் திறப்பு, அகலமான இறவாரம் ஆகிய நான்கும் காங்கிரீட்டிலும் முடியும். செலவு கொஞ்சம் கூடும். அந்தச் செலவை ஏற்க வேண்டியவர் அந்த அறையில் படுப்பதில்லை என்பதுதான் சிக்கல். வெள்ளைக்கார அதிகாரி தான் உறங்கும் வீட்டைக் கட்டினார்; மூங்கில் வீட்டுக்காரர் தன் வீட்டைத் தானே வேய்ந்தார். வாடகை அறையைக் கட்டுபவர் ஒருவர், அதில் இருமுபவர் இன்னொருவர்.

கட்டி முடிந்த அறையை இடித்துவிட முடியாது என்பதால் ஒரு பழைய வழக்கத்தை நினைவூட்டலாம். தமிழ்நாட்டில் பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது அழகுக்காக மட்டுமல்ல. புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் வளராது. காற்றுப் பட்டு ஓராண்டுக்குள் அந்தக் காரம் குறைந்துவிடும், அதனால்தான் ஆண்டுதோறும் அடித்தார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு சுவரை மூச்சுவிட விடும்; பிளாஸ்டிக் பெயின்ட் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், கட்டமைப்புப் பழுதையும் வெள்ளையடிப்பதையும் வீட்டுக்காரர் பொறுப்பாகவும், வடிகால் சுத்தம், ஸ்விட்ச், ஜன்னல் கண்ணாடி போன்றவற்றைக் குடியிருப்பவர் பொறுப்பாகவும் பிரிக்கிறது. 2023-ல் அந்தமானுக்கும் அதே வழியில் வாடகை ஒழுங்குமுறை ஒன்று வந்தது. ஆகவே அறை எடுக்கும் மாணவர் முன்பணம் கொடுக்கும் முன், முடிந்தால் மழை நாளில், சுவரின் அடியைக் கையால் தொட்டுப் பார்க்கட்டும். ஆண்டுக்கொரு முறை, ஈரம் வற்றும் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில், உதிரும் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு அடித்துத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்கட்டும்.