அந்நியபாஷையும் அந்நியப் பணமும்: பெங்களூருப் பெந்தெகொஸ்தே வரலாற்றின் மறந்துபோன ஒரு பக்கம்

2005 ஜனவரி 21 முதல் 23 வரை, பெங்களூருவின் வடபுறத்தில் உள்ள ஜக்கூர் விமானத்தளத்தில் அமெரிக்கச் சுவிசேஷகர் பென்னி ஹின் மூன்று நாள் கூட்டம் நடத்தினார். சங்கப் பரிவார அமைப்புகளும் பாரதிய ஜனதா கட்சியும் கடுமையாக எதிர்த்தன. அனுமதி அளித்ததற்காக தரம் சிங் தலைமையிலான கூட்டணி அரசு விமர்சிக்கப்பட்டது. பகுத்தறிவாளர்களோ மேடையில் அறிவிக்கப்பட்ட குணமாக்கல்களுக்கு மருத்துவச் சான்று எங்கே என்று கேட்டார்கள். அன்று எழுந்த குற்றச்சாட்டுகள் பலவகைப்பட்டவை. ஆனால் அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சொல் இருந்தது: 'அந்நிய'. அந்நிய மதம், அந்நியப் பணம், அந்நியப் போதகர்.

அண்மையில் ஒரு கருத்தரங்கில் பெங்களூருவின் பெந்தெகொஸ்தே சபைகள் 'தாராளமயமாக்கலுக்குப் பின் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானவை' என்று ஒருவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அவையில் எவரும் மறுக்கவில்லை. நானும் அன்று மறுக்கவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இப்பதிவு.

மொழியியல் மாணவர் என்ற முறையில் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். ஆவியின் நிரப்புதலால் வருவதாகப் பெந்தெகொஸ்தேயினர் நம்பும் பேச்சைத் தமிழ் விவிலியம் 'அந்நியபாஷை' என்று குறிக்கிறது. கிரேக்க மூலத்தில் இருப்பது 'நாக்கு', 'மொழி' என்று மட்டும் பொருள்படும் குளோசா என்ற சொல். அந்த 'அந்நிய' என்னும் அடைமொழி மொழிபெயர்ப்பாளர் தந்தது; ஆங்கிலத்தின் ஜேம்ஸ் மன்னர் பதிப்பும் 'அறியப்படாத' என்ற சொல்லைச் சாய்வெழுத்தில் சேர்த்தது. வில்லியம் சமாரின் 1972இல் வெளியிட்ட ஆய்வு, இப்பேச்சுக்கு இலக்கணக் கட்டமைப்பு இல்லை என்றாலும் அதன் ஒலிகள் பேசுபவர் ஏற்கெனவே அறிந்த மொழிகளிலிருந்தே எடுக்கப்படுகின்றன என்று காட்டியது. அந்நியம் என்று பெயரிடப்பட்டது ஒலியளவில் உள்ளூர்தான். இதை ஓர் உவமையாக நீட்டிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் வரலாறும் ஏறக்குறைய இதையே சொல்கிறது.

பெந்தெகொஸ்தே இயக்கத்தின் பிறப்பிடமாக 1906ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சலீஸ் அசூசா தெருவைச் சொல்வது வழக்கம். அதற்கு முந்தைய ஆண்டே புனே அருகிலுள்ள கேட்காவில் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில் எழுப்புதல் தொடங்கிவிட்டது. அதற்கும் ஒரு தலைமுறைக்கு மேல் முன்பு, 1860–61இல், திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்ற தமிழர் வழிநடத்திய எழுப்புதலில் தரிசனம், தீர்க்கதரிசனம், அந்நியபாஷை எல்லாம் பதிவாகியுள்ளன. அவர் எந்த அயல்நாட்டுச் சங்கத்திடமும் சம்பளம் பெறாமல் கிறிஸ்டியன்பேட்டையில் ஊழியம் செய்தவர். அசூசாவுக்கும் அருளப்பனுக்கும் நேரடித் தொடர்பு இருந்ததாக நான் சொல்லவில்லை. அனுபவம் இங்கே புதிதன்று என்பதே என் வாதம்.

பெங்களூரு இக்கதைக்குள் நுழைவது 1990களில் அன்று, 1900களின் இறுதியில். ஜெர்மானிய வம்சாவளி அமெரிக்கரான ஜார்ஜ் பெர்க் இந்நகரைத் தளமாகக் கொண்டு கேரளத்துக்குப் பயணம் செய்து பிரசங்கித்தார். 1913இல் ராபர்ட் குக் தம் குடும்பத்துடன் பெங்களூருக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில்தான் அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் 'அசெம்பிளீஸ் ஆஃப் காட்' என்ற அமைப்பே தோன்றியது. இன்று உலகின் மிகப் பெரிய பெந்தெகொஸ்தே அமைப்பாக விளங்கும் அதற்கு முன்பே பெங்களூரில் பெந்தெகொஸ்தே மிஷனரிகள் வந்து தங்கியிருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். குக் பின்னர் அவ்வமைப்போடு இணைந்து, கேரளத்தில் பணியாற்றி, 1920களின் இறுதியில் அதிலிருந்து விலகினார்.

இனி நான் முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். குக்கின் உடனூழியராக இருந்தவர் கே.ஈ. ஆபிரகாம் (1899–1974), சுரியானிக் கிறிஸ்தவப் பின்னணி கொண்ட ஆசிரியர். ஆலயம் கட்ட அயல்நாட்டிலிருந்து வரும் பணம் யார் பொறுப்பில் இருக்க வேண்டும், உள்ளூர்ச் சபை தன்னைத் தானே ஆள வேண்டாமா என்ற கேள்விகளில் இருவருக்கும் பிளவு ஏற்பட்டது. 1930இல் ஆபிரகாமுக்கு அருட்பொழிவு அளித்தவர் வெள்ளையர் அல்லர். சிலோன் பெந்தெகொஸ்தே சபையை நிறுவிய பாஸ்டர் பால். கேரளத்தில் ராமன்குட்டி என்ற பெயரில் ஓர் இந்துக் குடும்பத்தில் பிறந்து, கொழும்புக்குப் பிழைக்கச் சென்று, அங்கே கிறிஸ்தவரானவர் அவர். திருமணம் செய்யாத ஊழியர்கள், வெண்ணிற ஆடை, மருந்தை மறுத்தல் என்று அச்சபைக்கே உரிய சர்ச்சைகள் தனி. இந்தியப் பெந்தெகொஸ்தே சபை என்ற ஆபிரகாமின் அமைப்பு இவ்வாறு, அமெரிக்கப் பணத்துக்கு எதிராக, ஒரு தென்னாசிய வலைப்பின்னலுக்குள் உருவாயிற்று.

ஆக, 'அந்நியப் பணம்' என்ற குற்றச்சாட்டை முதலில் எழுப்பியவர்கள் சபைக்கு வெளியே இருந்தவர்கள் அல்லர். ஜக்கூருக்கு எழுபத்தைந்து ஆண்டுகள் முன்பே அது சபைக்குள் எழுந்து, ஒரு பிளவையே உண்டாக்கிவிட்டது.

இதை ஒரு சுதேசி வீரகாதையாக வாசிக்கவும் முடியாது. குக்கின் பணி பெருமளவில் தலித் மக்களிடையே நடந்தது. ஆபிரகாமுடன் சென்ற தலைமையில் சுரியானிப் பின்னணியினரே மிகுதி. உள்ளூர்த் தன்னாட்சி என்ற முழக்கம் யாருடைய கைக்கு அதிகாரத்தைக் கொடுத்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. தென்னிந்தியப் பெந்தெகொஸ்தே இயக்கம் குறித்த மைக்கேல் பெர்குண்டரின் நூலை வாசிக்கும் மாணவர்கள் சாதி பற்றிய பகுதிகளைத் தவறவிடக் கூடாது.

1951இல் அசெம்பிளீஸ் ஆஃப் காட் பெங்களூரில் தெற்காசிய வேதாகமக் கல்லூரியை நிறுவியது. அதன் பின்னரான வளர்ச்சியை அற்புதங்களாலோ டாலராலோ மட்டும் விளக்குவது சோம்பேறித்தனம். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். ஆகிய ஆலைகள் தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் கோலாரிலிருந்தும் ஆட்களை ஈர்த்தன. பின்னர் மென்பொருள் துறை வந்தது. பழைய திருச்சபைகளில் சேர ஊர்ச்சபையின் கடிதம், பங்கு, குடும்பப் பதிவேடு என ஒரு வரலாறு தேவைப்பட்டது. ஏ.ஜி. சபையில் ஞாயிறு காலை நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். கத்தோலிக்கத் திருச்சபை கன்னடமா தமிழா என்ற வழிபாட்டு மொழிப் பூசலில் பல பத்தாண்டுகள் சிக்கியிருந்தபோது, ஹெப்பாளின் பெத்தேல் போன்ற ஏ.ஜி. சபைகள் ஒரே வளாகத்தில் வெவ்வேறு மொழிகளுக்கு வெவ்வேறு ஆராதனை வேளைகளை ஒதுக்கின. மொழிச் சிக்கலை இறையியலால் அல்ல, நேர அட்டவணையால் தீர்த்தார்கள். மேடையில் போதகரின் குரலேற்ற இறக்கத்தையும் கையசைவையும் அப்படியே பின்தொடரும் அந்த உடனடி மொழிபெயர்ப்பாளரைப் பற்றி ஒரு முனைவர்ப் பட்ட ஆய்வே எழுதலாம், எவரேனும் எழுதுங்கள்.

வளர்ச்சியின் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. 'செழிப்பு உபதேசம்', அதாவது காணிக்கை கொடுத்தால் பன்மடங்கு திரும்பக் கிடைக்கும் என்ற போதனை, நகரின் பல மேடைகளிலும் ஒலித்தது. ஹின் ஏ.ஜி. போதகராக இங்கே வரவில்லை. ஆயினும் அவர் கூட்டங்களுக்குப் பல சபைகள் தோள்கொடுத்தன. அமெரிக்க செனட் நிதிக்குழுவின் சக் கிராஸ்லி 2007 நவம்பரில் ஆறு ஊழியங்களிடம் கணக்குக் கேட்டபோது அப்பட்டியலில் ஹின்னும் இருந்தார். 2019 செப்டம்பரில் அவரே செழிப்பு உபதேசத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். அந்த உபதேசத்தை நம்பிக் காணிக்கை செலுத்திய பெங்களூருக் குடும்பங்களிடம் அதைப் பற்றி எவர் பேசினார்? நம் விவாதம் முழுவதும் அயல்நாட்டுப் பணத்தைச் சுற்றியே நடக்கிறது. அதற்கு 1976 முதல் தனிச் சட்டம் உண்டு. 2020 திருத்தத்துக்குப் பின் அது தில்லியின் ஒரே வங்கிக் கிளை வழியாகவே வர வேண்டும். உள்ளூர் விசுவாசியின் தசமபாகத்துக்கு, அதைக் கொடுத்தவரிடமே கணக்குக் காட்டும் வழக்கம் பல சபைகளில் இல்லை. என் பார்வையில் கேட்கப்பட வேண்டிய கேள்வி அங்கேதான் இருக்கிறது.

கேட்கப்படாத கேள்வியின் இடத்தை வன்முறை நிரப்பியது. நியூ லைஃப் என்ற அமைப்பு இந்துத் தெய்வங்களை இழிவுபடுத்தும் நூலைப் பரப்பியது என்ற குற்றச்சாட்டின் பின்னணியில் 2008 செப்டம்பர் 14 அன்று மங்களூரிலும் பிற இடங்களிலும் தாக்குதல்கள் நடந்தன. அடிபட்டவற்றில் ஒன்று, நியூ லைஃபுடன் எத்தொடர்பும் இல்லாத கத்தோலிக்க மடம். நீதிபதி சோமசேகரா ஆணையம் 2011 ஜனவரியில் இறுதி அறிக்கை அளித்தது. 2022இல் கர்நாடகம் மதமாற்றத் தடைச் சட்டம் இயற்றியது. மதம் மாற விரும்புவோர் முப்பது நாள்களுக்கு முன் மாவட்ட நிர்வாகத்துக்கு அறிவிக்க வேண்டும். 'ஆசைகாட்டுதல்' என்பதற்கான வரையறையில் 'மேம்பட்ட வாழ்க்கைமுறை'யும் அடக்கம். நோய் தீரும், கடன் தீரும் என்று சொல்லும் ஒரு பிரசங்கத்தையும் இலவசக் கல்வி தரும் ஒரு பள்ளியையும் ஒரே சொல்லில் அடைக்கும் இந்த வரையறையைச் சட்ட மாணவர்களோடு பொருண்மையியல் மாணவர்களும் வாசிக்க வேண்டும். 2023 ஜூனில் புதிய அமைச்சரவை அச்சட்டத்தை நீக்க முடிவெடுத்தது.

கருத்தரங்கில் பேசிய நண்பருக்கு ஒரு வேண்டுகோள் மட்டும். அடுத்த முறை 'இறக்குமதி' என்று எழுதும்போது, 1930இல் குக்கும் ஆபிரகாமும் பிரிந்த கதையை ஓர் அடிக்குறிப்பிலேனும் சேருங்கள். ராமன்குட்டியின் பெயரையும் விட்டுவிடாதீர்கள்.